வழக்கறிஞர் வாசிப்பு மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மன்ற உறுப்பினர்களே, வணக்கம்.

இந்த ஆண்டு முழுவதும் மன்றம் ஒரே மனிதரைப் படித்தது: வில்லியம் ஹென்றி ஹேஸ்டி. 1904-இல் டென்னஸி மாநிலத்து நாக்ஸ்வில்லில் பிறந்தவர். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியிலும் ஹார்வர்டு சட்டப் பள்ளியிலும் படித்தவர். 1946-இல் அதிபர் ட்ரூமன் இவரைக் கரீபியன் கடலிலுள்ள அமெரிக்க வர்ஜின் தீவுகளின் ஆளுநராக நியமித்தார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர் இவரே.

இவருடைய ஆளுநர் காலத்தை 1946-இல் தொடங்கிப் படித்தால் பாதி விளங்காது. 1936-இல் தொடங்க வேண்டும். டென்மார்க்கிடமிருந்து 1917-இல் 2.5 கோடி டாலருக்கு வாங்கிய தீவுகள் இவை. இவற்றைக் கவனித்துவந்த அமெரிக்க அரசின் இன்டீரியர் (உள்துறை) துறையில் உதவிச் சட்ட அலுவலராக இருந்தபோது, தீவுகளின் ஆட்சிச் சட்டத்தை வரைவதில் ஹேஸ்டிக்குப் பங்கு உண்டு. அதற்கு முன் வாக்குரிமைக்குச் சொத்தோ வருமானமோ காட்ட வேண்டியிருந்தது. 1936-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தத் தகுதியை நீக்கியது. ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்த, 21 வயது நிரம்பிய குடிமக்கள் 1938 முதல் வாக்களிக்கலாம் என்றது. செயின்ட் குரோய் தீவுக்கு ஒரு நகராட்சி மன்றம்; செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான் தீவுகள் இரண்டுக்கும் சேர்த்து இன்னொன்று.

சிக்கலும் அதே சட்டத்தில்தான் இருந்தது. நகராட்சி மன்ற உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுநரை அனுப்பியது வாஷிங்டன். மன்றம் இயற்றியதை ஆளுநர் மறுக்கலாம். மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் அதையே மறுபடி நிறைவேற்றினாலும், அவர் இசையாவிட்டால் அதிபரிடம் போகும். இத்தகைய அமைப்பில் எவ்வளவு நல்ல ஆளுநரும் மன்றத்தோடு உரசாமல் இருக்க முடியாது, ஹேஸ்டியும் உரசினார். கையில் பணமும் இல்லை. ரம் மீதான கலால் வரியில் தீவுகளுக்குப் பங்கு கிடைத்தது 1954-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். அதுவரை பற்றாக்குறைக்கு அமெரிக்கக் காங்கிரஸின் ஒதுக்கீட்டை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

வாக்குரிமைக்காக உச்ச நீதிமன்றத்தில் வாதாடியவர், வாக்குப் பெறாத ஆளுநராக உட்கார்ந்தார் என்பதை மறக்கக் கூடாது. டெக்சாஸில் வெள்ளையர் மட்டுமே பங்கெடுத்த, கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதனிலைத் தேர்தலை எதிர்த்து, வழக்கறிஞர் தர்குட் மார்ஷலுடன் இவர் நடத்திய ஸ்மித் எதிர் ஆல்ரைட் வழக்கு 1944-இல் 8-க்கு 1 என்று வென்றது. மாநிலங்களுக்கிடையே ஓடும் பேருந்துகளில் நிறம் பார்த்து இருக்கை ஒதுக்கும் வர்ஜீனியா சட்டத்தை எதிர்த்த மார்கன் வழக்கில் 1946 மார்ச்சில் வாதம். ஜூன் 3-இல் தீர்ப்பு வந்தபோது இவர் ஆளுநர். அதற்கும் முன், போர்த் துறைச் செயலர் ஸ்டிம்சனின் சிவிலியன் ஆலோசகராக இருந்து, விமானப் படையில் நிறப் பிரிவினை தொடர்ந்ததைக் கண்டித்து 1943 ஜனவரியில் விலகினார். பதவிக்காக வளைந்துகொடுக்காத இந்த உறுதிதான் நம்மை இவரிடம் ஈர்த்தது.

கட்டுரை எழுதும் உறுப்பினர்கள் வழுக்கும் இடம் ஒன்று. 1937-இல் வர்ஜின் தீவுகள் மாவட்ட நீதிமன்ற நீதிபதியானபோதே ‘முதல் கறுப்பின ஃபெடரல் (மத்திய அரசு) நீதிபதி’ என்று எழுதிவிடுகிறோம். சரிதான். ஆனால் அது நான்கு ஆண்டுப் பதவி. 1939-இல் அதை விட்டு ஹோவர்டு சட்டப் பள்ளியின் டீன் ஆனார். ஆயுட்கால நீதிபதிப் பதவி மூன்றாம் வட்ட ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் கிடைத்தது. 1949 அக்டோபரில் செனட் கூடாத வேளையில் நியமனம், 1950 ஜூலையில் செனட்டின் ஒப்புதல். இரண்டு ஆண்டுகளையும் குறிப்பிட்டால் குழப்பம் வராது. வர்ஜின் தீவுகளின் மேல்முறையீடுகள் அன்று வந்ததும் அந்த நீதிமன்றத்துக்கே. 1968 முதல் 1971 வரை அதன் தலைமை நீதிபதியாக இருந்து, 1976-இல் மறைந்தார்.

வரும் ஆண்டில் ஆளுநரை மக்களே தேர்ந்தெடுக்க வழிசெய்த 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் 1970-இல் நடந்த முதல் தேர்தலையும் படிக்க செயற்குழு முன்மொழிகிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்