விடுமுறை வந்ததும் ஏன் அந்த அலமாரியைப் பூட்டுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுத் தேர்வு நெருங்கும்போது பள்ளிகளில் ஒரு சுற்றறிக்கை வரும். நூலகப் புத்தகம் யார் கையில் இருந்தாலும் இன்ன தேதிக்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பிள்ளைகள் கொண்டுவந்து கொடுப்பார்கள், பதிவேட்டில் ஒவ்வொரு பெயராக அடிப்போம், இருப்புக் கணக்கு சரிபார்ப்போம், அலமாரியைப் பூட்டிச் சாவியை அலுவலகத்தில் ஒப்படைப்போம். மறுநாளிலிருந்து விடுமுறை. அதாவது பிள்ளைக்கு நேரமே இல்லாத பத்து மாதமும் புத்தகம் திறந்திருக்கிறது, நாள் முழுக்க நேரம் கிடைக்கிற அந்த வாரங்களில் மட்டும் புத்தகம் பூட்டிக் கிடக்கிறது. நான் நடுநிலை வகுப்புகளுக்கு மொழிப்பாடம் எடுக்கிறேன், நூலகப் பொறுப்பும் என்னிடம்தான், பல வருடம் இந்தப் பூட்டை என் கையால்தான் போட்டேன். அப்போது அதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

ஆறு, ஏழு, எட்டு ஆகிய மூன்று வகுப்புகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். சின்ன வகுப்புப் பிள்ளைக்கு வீட்டில் யாராவது கதை படித்துக் காட்டுவார்கள். உயர்நிலைக்குப் போனவனைப் பொதுத்தேர்வு பிடித்துக்கொள்ளும். நடுவில் இருக்கிற இந்தப் பதினோரு, பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை வாசிப்பு விஷயத்தில் யாரும் கவனிப்பதில்லை, 'அவனுக்குத்தான் படிக்கத் தெரியுமே' என்று விட்டுவிடுகிறோம். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவது வேறு, ஒரு பக்கத்தைப் படித்து அதிலிருந்து புதிதாக ஒன்றைப் புரிந்துகொள்வது வேறு. வாசிப்பு வளரும் படிநிலைகளை ஆராய்ந்த ஜீன் சால் என்ற அமெரிக்கக் கல்வியாளர் இதைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார்: முதல் சில வகுப்புகளில் பிள்ளை படிக்கக் கற்றுக்கொள்கிறது, நான்காம் வகுப்பு வாக்கில் தொடங்கி, கற்றுக்கொள்வதற்காகப் படிக்க வேண்டியிருக்கிறது. ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், வாக்கியங்கள் திடீரென்று நீளமாகியிருக்கும், வீட்டில் யாரும் பேசாத சொற்கள் வரிக்கு வரி வரும். அந்தச் சொற்கள் எங்கிருந்து பழக்கமாகும்? பேச்சிலிருந்து வராது. 1988-இல் ஹேய்ஸ், அஹ்ரென்ஸ் என்ற இருவர் ஆங்கிலத்தில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: கல்லூரி படித்த பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போது 1000 சொல்லுக்கு 17 அரிய சொற்கள்தான் வருகின்றன, குழந்தைகளுக்கான புத்தகங்களில் ஏறக்குறைய 31 வருகின்றன. பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுவதைவிடக் கதைப் புத்தகம் படிப்பதில் பிள்ளைக்குப் புதுச் சொற்கள் அதிகம் கிடைக்கின்றன. நான் வகுப்பில் பார்ப்பதும் அதுதான்.

விடுமுறையில் படித்தது மறந்துபோகுமா என்று ஒரு பழைய வாதம் இருக்கிறது. ஹாரிஸ் கூப்பர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடன் சேர்ந்தவர்களும் 1996-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குப் பின்தங்கல் ஏற்படுகிறது என்று எழுதினார்கள். பிற்பாடு வந்த சிலர், பழைய தேர்வுகளை வடிவமைத்த விதத்திலேயே கோளாறு, இழப்பு அவ்வளவு இல்லை என்று மறுத்தார்கள். சரி, அந்த வழக்கு நடக்கட்டும். எனக்கு முக்கியமாகப் பட்டது ஜேம்ஸ் கிம் என்பவர் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, ஏனென்றால் அவர் எடுத்துக்கொண்டது ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை, 18 பள்ளிகளில் சுமார் 1600 பேர். கோடையில் நான்கைந்து புத்தகம் படிப்பதே, விடுமுறைக்கு அப்புறம் வாசிப்பு மதிப்பெண் சரியாமல் தடுக்கப் போதுமானதாக இருக்கலாம் என்று அவருக்குத் தெரிந்தது. நான்கைந்துதான்! இன்னொன்றும் கவனித்தார், புத்தகம் எளிதாகக் கைக்கு எட்டுகிறது என்று சொன்ன பிள்ளைகள்தான் அதிகம் படித்திருந்தார்கள். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அலுவலக ஆணியில் தொங்கும் அந்தச் சாவிதான் ஞாபகம் வந்தது.

நம் நூலகத் துறையின் முன்னோடி எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே என்பது. இதை ஒரு விதியாக எழுத வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றலாம். ஒரு காலத்தில் ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள், தொலைந்துவிடக் கூடாதே என்ற பயம். அந்தப் பயம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. புத்தகம் கிழிந்தால், தொலைந்தால் பொறுப்பாசிரியர் கணக்குச் சொல்ல வேண்டும், அதனால் பூட்டி வைப்பதே பத்திரம். என் சக ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, அந்தப் பயத்தின் எடை எனக்கும் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அனுமதி கேட்டு, கடைசி வேலை நாளில் பூட்டாமல் எதிர்மாறாகச் செய்து பார்த்தோம். நடுநிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் வரச்சொல்லி, ஆளுக்கு ஐந்து புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள், பள்ளி திறக்கும்போது கொண்டுவந்தால் போதும் என்றோம். புத்தகங்களை அலமாரியில் அடுக்கிய மாதிரி வைக்காமல் மேசைகளின் மேல் அட்டை தெரியும்படி பரப்பி வைத்தோம். முதுகு மட்டும் தெரிகிற புத்தகத்தைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை எடுக்காது, படத்தைப் பார்த்து, பின்னட்டையைப் புரட்டி, நடுவில் ஒரு பக்கம் பிரித்துத்தான் எடுக்கும். விடுமுறை முடிந்ததும் பெரும்பாலானவை திரும்பி வந்தன. சிலது வரவில்லை, இரண்டில் அட்டை போயிருந்தது. அட்டை போன இரண்டும் பல வீட்டுக்குக் கை மாறிப் போய் வந்தவை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையாக இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், பெயர் வேண்டாம். நூலக வகுப்பு வந்தால் நேராகப் போய்ப் பாம்புகளைப் பற்றிய ஒரே புத்தகத்தைத்தான் எடுப்பான். மூன்று வாரம் பார்த்தேன், நான்காவது வாரம் அதை வாங்கி வைத்துவிட்டு, 'போதும், ஒரு நல்ல கதைப் புத்தகம் எடு' என்று ஒன்றைக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான். அடுத்த வாரத்திலிருந்து நூலக வகுப்பில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தான், புத்தகமே எடுக்கவில்லை. நான் கொடுத்தது நல்ல புத்தகம்தான், ஆனால் அது என்னுடைய புத்தகம்.

சில மாதம் கழித்து அறிவியல் வகுப்பில் ஊர்வன பாடம். பாம்பு சட்டை உரிப்பதற்கு முன்னால் அதன் கண் ஏன் பால் போல வெளுத்து மங்குகிறது என்று அந்தப் பையன் எழுந்து நின்று சொல்லியிருக்கிறான்: பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு செதில் இருக்கிறது, தோலோடு சேர்ந்து அதுவும் உரியும், உரிவதற்கு முன் பழைய செதிலுக்கும் புதிய செதிலுக்கும் நடுவில் திரவம் சுரப்பதால் கண் மங்கலாகத் தெரிகிறது. அந்த ஆசிரியர் ஓய்வறையில் வந்து ஆச்சரியமாகச் சொன்னார். நான் மறுநாள் அந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்து அவனிடமே கொடுத்தேன், 'இதை நீயே வைத்துப் படி, எத்தனை வாரம் வேண்டுமானாலும்' என்றேன். விடுமுறைக்கு அவன் எடுத்த ஐந்தில் ஒன்று அதே புத்தகம், மற்றதெல்லாம் தேள், சிலந்தி, ஆழ்கடல் என்று போயின. ஐந்தாவது ஒரு துப்பறியும் கதை, அதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

வாசிப்பு ஆய்வாளர்கள் ரிச்சர்ட் ஆலிங்டனும் ஆன் மெக்கில்-ஃப்ரான்சனும் செய்ததும் இதுவே, பெரிய அளவில். வறுமை அதிகமுள்ள 17 பள்ளிகளில் சின்ன வகுப்புப் பிள்ளைகள் 852 பேருக்கு, மூன்று கோடையிலும் கோடைக்கு 12 புத்தகம் வீதம், பிள்ளைகளே பொறுக்கி எடுத்ததை அவர்களுக்கே சொந்தமாகக் கொடுத்தார்கள். புத்தகம் பெறாத பிள்ளைகளைவிட இவர்களின் வாசிப்புத் திறன் கூடியிருந்தது, மிகவும் வறிய வீட்டுப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் கூடுதல். 2010-இல் முடிவுகள் வெளிவந்தன.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தை. பிள்ளை காமிக்ஸ் படித்தால் படிக்கட்டும், கிரிக்கெட் பற்றியே படித்தால் படிக்கட்டும், படித்ததையே நான்காவது தடவை படித்தாலும் விட்டுவிடுங்கள், தெரிந்த கதையில் ஓடும்போதுதான் வேகம் வருகிறது. 'உன் வயசுக்கு இது சின்னப் புத்தகம்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள், எட்டாம் வகுப்பிலும் எழுத்துக்கூட்டித் தடுமாறும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் யாருக்கும் தெரியாமல் ஏறிப் பழகுகிற படிக்கட்டு அந்தச் சின்னப் புத்தகம். அப்படிப்பட்ட ஒரு மாணவிக்கு நான் தம்பிக்குப் படித்துக் காட்டச் சொல்லி ஒன்றாம் வகுப்புக் கதைப் புத்தகங்களைக் கட்டாகக் கொடுத்து அனுப்பினேன். தம்பிக்குத்தான் என்பதால் அவளுக்கு அதில் கூச்சம் இல்லை. பள்ளி திறந்தபோது அவள் குரல் எடுத்துப் படித்தாள், முன்பெல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுப்பாள்.

அப்புறம், பாதியில் மூடிவைத்தால் கேள்வி கேட்காதீர்கள். பிடிக்காத புத்தகத்தைக் கடைசி வரை படித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லையே, பிள்ளைக்கு மட்டும் ஏன்?

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். விடுமுறை வாசிப்பு என்று சொல்லிவிட்டுக் கூடவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பக்கச் சுருக்கம், கதை மாந்தர் பட்டியல், கற்றுக்கொண்ட நீதி என்று நோட்டுப் போடச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். அந்த நோட்டுகளைத் திருத்தும்போது பார்த்தால் முப்பது நோட்டில் ஒரே சுருக்கம், எழுத்துப் பிழை உட்பட ஒன்றே. ஒருவர் எழுத, மற்றவர்கள் பார்த்து எழுதியது. புத்தகம் யார் வீட்டிலும் திறக்கப்படவில்லை. இப்போது நான் கேட்பது ஒன்றே ஒன்று, பள்ளி திறந்த முதல் வாரத்தில் 'யாருக்காவது யாரிடமாவது சொல்லவேண்டும் போல ஒரு புத்தகம் இருந்ததா?' என்று கேட்பேன். கை தூக்காதவர்களை எழுப்புவதில்லை. தூக்கினவர்கள் பேசுவதைக் கேட்டு அந்தப் புத்தகத்துக்கு அன்றைக்கே நாலு பேர் போட்டி போடுகிறார்கள், நான் ஒரு வருடம் பரிந்துரைத்தாலும் நடக்காதது அது.

எவ்வளவு நேரம் படிக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். பள்ளி நேரம் போக மற்ற நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று 155 ஐந்தாம் வகுப்பு மாணவர்களைத் தினமும் குறித்து வரச் சொல்லி 1988-இல் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. நடுவில் நிற்கும் மாணவர் புத்தகத்துக்குச் செலவழித்தது நாளுக்கு ஐந்து நிமிடத்துக்கும் குறைவு, வருடத்துக்கு ஏறக்குறைய 2 லட்சத்து 82 ஆயிரம் சொற்கள். பத்துப் பேரில் முன்னால் நிற்கும் ஒருவர் நாளுக்கு 21 நிமிடம் படிக்கிறார், அவர் கண்ணில் படுவது 18 லட்சத்துக்கும் மேல். இருவருக்கும் இடையே இருப்பது நாளுக்குக் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். மொபைலைப் பிடுங்கினால்தான் வாசிப்பு வரும் என்று வீட்டில் போர் நடத்துகிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன், அந்தப் போர் வேண்டாம், தூங்கப் போகும் முன் இருபது நிமிடம் கேளுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது படியுங்கள்.

உங்கள் பத்திரிகையிடமும் கேட்க ஒன்று இருக்கிறது. விடுமுறை வாரங்களில் மட்டுமாவது வாரம் ஒரு கால் பக்கம் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். பெரியவர்கள் பரிந்துரைக்கும் பட்டியல் அதில் வேண்டாம், பிள்ளைகளே தங்களுக்குப் பிடித்த ஒரு புத்தகத்தைப் பற்றி ஐந்தாறு வரி எழுதி அனுப்பட்டும், திருத்தம் அதிகம் செய்யாமல் போடுங்கள். பொது நூலகங்களும் அந்த வாரங்களில் சிறுவர் உறுப்பினருக்கு இரவல் எண்ணிக்கையைக் கூட்டி, தாமதக் கட்டணத்தைத் தளர்த்தலாம்.

எங்கள் பள்ளியில் இந்த வருடமும் மேசைகளில் பரப்பி வைக்கப் போகிறோம். பாம்புப் புத்தகத்தின் தையல் விட்டுப்போய்விட்டது, விடுமுறைக்கு முன் பைண்டிங்குக்குக் கொடுத்து வாங்கிவிட வேண்டும். அதைக் கேட்டு இப்போதே ஆறாம் வகுப்பில் இரண்டு பேர் பெயர் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
நூலகப் பொறுப்பு வகிக்கும் ஒரு நடுநிலை வகுப்பு ஆசிரியர்