எம்.வி.பி. வாக்காளர்களே, ஒரு லைன்மேன் பெயரையும் எழுதுங்கள்

அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். தொடரில் பருவத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கு அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தரும் எம்.வி.பி. விருதுக்கு வாக்களிக்கும் 50 பேருக்கும் வணக்கம்.

2012-இல் பந்தோடு ஓடும் ரன்னிங்பேக் ஏட்ரியன் பீட்டர்சனைத் தேர்ந்தெடுத்தீர்கள். அதன் பிறகு 2024 வரை 12 பருவங்களிலும் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்குகள்தான். சரி, பந்து அவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் 1982-இல் பந்தை உதைக்க மட்டும் வரும் ஒரு கிக்கருக்கு, மார்க் மோஸ்லிக்கு, கிடைத்த விருது, குவாட்டர்பேக்கைக் காத்து நிற்கும் அஃபென்சிவ் லைன்மேன் ஒருவருக்கும் இதுவரை கிடைத்ததில்லையே, ஏன்?

கிளீவ்லேண்ட் அணியின் லைன்மேன் ஜோ தாமஸை நினைத்துப் பாருங்கள். 2007-இல் முதல் ஆட்டத்தில் இறங்கியவர், 2017 அக்டோபரில் கைத்தசை கிழியும்வரை தொடர்ந்து 10,363 ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடினார். இடையில் ஒன்றைக்கூட விடவில்லை. ஒவ்வொரு ஸ்னாப்பிலும் எதிரில் ஒரு முரட்டு ஆள் முழு வேகத்தில் வந்து மோதுவார். இவர் பின்வாங்கியபடியே கையால் தாங்கி நிறுத்த வேண்டும். பின்னால் குவாட்டர்பேக்குகள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அணி தோற்றுக்கொண்டே இருந்தது, அவர் மட்டும் நின்றார். அந்தப் பதினோரு பருவங்களில் ஒன்றில்கூட விருது அவர் பக்கம் போகவில்லை.

1983-இல் இதே விருதை வென்றவர் வாஷிங்டன் அணியின் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மன். 1985 நவம்பர் 18 இரவு எதிரணித் தடுப்பாட்டக்காரர் லாரன்ஸ் டெய்லர் பாய்ந்து வீழ்த்தியதில் அவர் கால் முறிந்தது, அத்தோடு அவர் ஆட்ட வாழ்க்கையும் முடிந்தது. அன்று அவருடைய வழக்கமான லெஃப்ட் டேக்கிள், அதாவது இடப்புற ஓரத்தில் நின்று காக்கும் லைன்மேன், ஜோ ஜேக்கபி காயத்தால் களத்தில் இல்லை. அடுத்த ஆண்டு எம்.வி.பி. டெய்லர். விழுந்தவரும் விருது பெற்றவர், வீழ்த்தியவரும் விருது பெற்றவர். நடுவில் நிற்க வேண்டியவரின் மதிப்பு மட்டும் உங்கள் கண்ணில் படவே இல்லையா?

லைன்மேனை அளக்க எண்கள் இல்லை என்கிறார்கள். பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர்களின் பட்டியலான ஆல்-ப்ரோ அணிக்கு டேக்கிள், கார்ட், சென்டர் என்று லைன்மேன்கள் எல்லாரையும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுப்பது நீங்கள்தானே? அங்கே யார் சிறந்தவர் என்று தெரிகிறபோது, இங்கே மட்டும் தெரியவில்லை என்றால் எப்படி ஏற்றுக்கொள்வது?

2022 முதல் உங்கள் வாக்குச்சீட்டில் ஐந்து பெயர்களுக்கு இடம் இருக்கிறது. முதலிடம் தரச் சொல்லவில்லை. ஐந்தாவது இடத்துக்கு ஒரே ஒரு புள்ளிதான். தகுதியான லைன்மேன் இருக்கும் ஆண்டில் அந்த இடத்திலாவது அவர் பெயரை எழுதுங்கள். அடுத்த சீட்டு கைக்கு வருவதற்கு முன், ஒரு ஆட்டத்தையாவது பந்தை விட்டுவிட்டு லெஃப்ட் டேக்கிளை மட்டும் பார்த்துவிட்டு வாக்களிக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு ரசிகன்