பழைய ஹவானா சுருட்டு: பெட்டியின் அடியைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய கியூபா சுருட்டுகளைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் சுருட்டைச் சுற்றிய காகிதப் பட்டையில் அச்சிட்ட பெயரோடு நின்றுவிடுகிறார்கள். எச். அப்மன், பார்த்தகாஸ் என்ற சுருட்டுப் பெயர்கள் முறையே 1844-லும் 1845-லும் தொடங்கியவை, உண்மைதான். ஆனால் 1960 செப்டம்பரில் காஸ்ட்ரோ அரசு சுருட்டு ஆலைகளை நாட்டுடைமையாக்கியது. வெளியேறிய உரிமையாளர்கள் சிலரின் சுருட்டுப் பெயர்கள் பிற நாடுகளில் தயாரான சுருட்டுகளிலும் ஏறின. பெயர் ஒன்று, சுருட்டு வேறு. பெட்டியின் அடியில், கியூபா சுருட்டுகளை விற்கும் 'ஹபானோஸ் எஸ்.ஏ.' நிறுவனத்தின் முத்திரை இருந்தால் அது 1994-க்கு முந்தையதாக இருக்கவே முடியாது. அந்த நிறுவனமே அந்த ஆண்டில்தான் உருவானது.

சுவைப்பதிலும் அவசரம்தான் கெடுக்கிறது. பல்லாண்டு கிடந்து காய்ந்த சுருட்டை நேராக 70 சதவீத ஈரப்பதத்தில் வைத்தால் உள்ளிலை உப்பும். மெலிந்த மேலிலை நீளவாக்கில் வெடிக்கும். 60 சதவீதத்தில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல 65-க்கு ஏற்ற வேண்டும். வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் போதும். அறை வெகுவாகச் சூடானால் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, மேலிலையில் குண்டூசி முனையளவு துளைகள் தெரியும்.

வாயில் வைக்கும் தலைப்பகுதியில் சுமார் 2 மில்லிமீட்டர் மட்டும் வெட்டுங்கள். கீழே இறங்கினால் மேலிலை பிரிந்துவிடும். பற்றவைக்குமுன் வெறுமனே ஒருமுறை இழுத்துப் பாருங்கள்: காய்ந்த வைக்கோல், மரப்பெட்டி மணம் நாக்கில் தட்டும். பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, வாயளவில் மட்டும். வேகம் கூடினால் எரியும் நுனி சூடேறிக் கசக்கும். நாற்பது ஆண்டுகளில் மென்மையான மணம் இரண்டே நிமிடத்தில் போய்விடும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்