மூணு செகண்டுக்குத் தனிக் காசா? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

எங்கள் வீடியோ எடிட்டிங் ஸ்டுடியோவைப் பற்றி ஒரு பேச்சு சுற்றுவது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். "மூணு செகண்ட் ஷாட்டைத் தூக்கச் சொன்னதுக்குத் தனியா பில் போட்டாங்க" என்கிறார்கள். போட்டோம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் முழுக் கதையை யாரும் சொல்லவில்லை, அதனால் நாங்களே சொல்லிவிடுகிறோம்.

அது இரண்டு நிமிட விளம்பரப் படம். வாடிக்கையாளர் தரப்பில் எடிட்டைப் பார்த்து "ஓகே, இதுதான் ஃபைனல்" என்று மெயிலில் எழுதி அனுப்பிய பிறகுதான் கலர், சவுண்ட் மிக்ஸிங் எல்லாம் முடித்தோம். அப்புறம்தான் அந்த மூணு செகண்ட் ஷாட்டைத் தூக்கச் சொன்னார்கள். வினாடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்), ஆக 75 ஃபிரேம், வெட்டி எறிய ஒரு நொடி போதும், அதை நாங்களும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்த ஷாட்டின் மேல் ஓடிக்கொண்டிருந்த பின்னணிக் குரல் எங்கே போகும்? இசை தாளத்தின் நடுவே அறுந்து நிற்கும், அதை வேறு இடத்தில் வெட்டி ஒட்டுப் போட்டது தெரியாமல் சேர்க்க வேண்டும், அதற்குப் பிறகு வரும் சப்டைட்டில் ஒவ்வொன்றும் மூன்று வினாடி முன்னால் வர வேண்டும், மிக்ஸிங்கைத் திரும்பத் திறக்க வேண்டும். யூடியூபுக்கு 16:9, ரீல்ஸுக்கு 9:16 என்று இரண்டு வடிவம் கேட்டிருந்தார்கள், இரண்டிலும் இதையே செய்து, ரெண்டர் போட்டு (முழுப் படத்தையும் மறுபடி ஃபைலாக்கி), ஹெட்போன் மாட்டிக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை பார்த்தால்தான் அனுப்ப மனசு வரும். இத்தனைக்கும் கொட்டேஷனில் இருந்த இரண்டு சுற்றுத் திருத்தத்தைத் தாண்டி, ஃபைனலுக்கு முன்பே நிறைய செய்து கொடுத்திருந்தோம். அதற்கெல்லாம் பில் போடவில்லை, அதை யாரும் பேசவும் இல்லை.

"அஞ்சு நிமிஷ வேலைதானே" என்பதுதான் எங்களுக்கு உறுத்துகிறது, காசு விஷயம்கூட இல்லை.

இந்த நேரத்திலும் எங்களை விட்டுக்கொடுக்காமல் பேசிய பழைய வாடிக்கையாளர்களுக்கு மனமார்ந்த நன்றி. உங்களில் சிலர் "00:47-இல் லோகோ சின்னதா இருக்கு, 01:12-இல் பேர் தப்பு" என்று நேரம் குறித்து ஒரே மெயிலில் அனுப்புகிறீர்களே, அதைப் பார்த்தாலே பாதி அலுப்பு போய்விடும். (நடுராத்திரியில் "அந்த நீலம் இன்னும் கொஞ்சம் சந்தோஷமா இருக்கணும்" என்று வாய்ஸ் மெசேஜ் போடுகிறவர்களும் எங்களுக்கு வேண்டியவர்கள்தான்.)

எங்கள் எடிட்டர் வேறு வேலைக்குப் போயிருக்கிறார், சந்தோஷமாகத்தான் அனுப்பி வைத்தோம். புது ஆள் பழகும்வரை டெலிவரி சற்று தள்ளிப் போகலாம், அடுத்த மாதத்திலிருந்து கட்டணத்திலும் சிறு மாற்றம் உண்டு, புது கொட்டேஷனில் இருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறோம். ஃபைனல் என்று சொல்வதற்கு முன்னால், உங்கள் பக்கம் கடைசி வார்த்தை யாருடையதோ அவர் ஒருமுறை முழுசாகப் பார்த்துவிடட்டும். அந்த ஷாட்டைத் தூக்கச் சொன்னவர் அதுவரை படத்தைப் பார்த்திருக்கவே இல்லை.