பாலியஸ்டர் கலந்த பெட்ஷீட்டை ஏன் நிறுத்துகிறோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் தை மாதம் முதல் நம் சென்னிமலைக் கடையில் பாலியஸ்டர் கலந்த பெட்ஷீட் புதிதாக வராது. பருத்தி மட்டும்தான். விலை கூடும் என்பதால் காரணத்தை விளக்கமாகவே சொல்லிவிடுகிறோம்.

பாலிகாட்டன், அதாவது பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த விரிப்பு, சீக்கிரம் காயும், அவ்வளவாகச் சுருங்காது, நீண்ட நாள் உழைக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் அதிலுள்ள பாலியஸ்டர் நூல் பிறப்பது கச்சா எண்ணெயில். சுத்திகரிப்பு ஆலையில் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரிக்கும்போது பெட்ரோல், டீசலோடு நாஃப்தா என்ற திரவமும் கிடைக்கிறது. அதிலிருந்து பிடிஏ, எம்இஜி என்று இரண்டு மூலப்பொருள்கள் எடுக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து உருக்கி, பொடித்துளைகள் வழியே இடியாப்பம் பிழிவதுபோல இழையாக இறக்கினால் பாலியஸ்டர். 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்தது இது. நம் அப்பாக்கள் ஆசையாகத் தைத்துப் போட்ட டெரிகாட்டன் சட்டையிலும் இதுதான் இருந்தது. இன்று உலகில் தயாராகும் இழைகளில் பாதிக்கும் மேல் பாலியஸ்டர். வண்டிக்கு ஊற்றும் பெட்ரோலைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். உடுத்துவதிலும் விரித்துப் படுப்பதிலும் அதே எண்ணெய் இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை.

நம் நாடு தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது சில மாதங்களில் விலை நான்கு மடங்கானது. 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய கொஞ்ச நாளில், ஒரு பீப்பாய் 120 டாலரைத் தாண்டியது. வளைகுடா நாடுகளின் எண்ணெய்க் கப்பல்கள் வெளியே வரும் குறுகிய கடல்வழியான ஹோர்முஸ் நீரிணையில் பதற்றம் என்றாலே இங்கே நூல் விலையும் லாரி வாடகையும் ஏறுகின்றன. தறிக்காரருக்குக் கூலி கூட்டிக் கொடுக்க வேண்டிய பணம் அதில் கரைந்துபோகிறது. எங்களுக்கு இது மனம் ஒப்பவில்லை.

சரி, பருத்திக்கு மாறினால் எண்ணெயை விட்டு விலகிவிடலாமா? முடியாது. பருத்திக் காட்டுக்குப் போடும் யூரியா இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. அந்த எரிவாயுவில் கணிசமான பகுதி கத்தாரிலிருந்து கப்பலில் வருகிறது, அதுவும் ஹோர்முஸ் வழியாகத்தான். டிராக்டருக்கு டீசல் வேண்டும். செயற்கைச் சாயங்களின் மூலப்பொருளும் பெட்ரோலியமே. பருத்தி விலையும் ஒரே நிலையில் நிற்பதில்லை. 2022 மே மாதம் ஒரு கேண்டி, அதாவது 356 கிலோ பஞ்சு, ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இருந்தாலும் இழை என்பது செடியில் விளைவது. ஆண்டுதோறும் திரும்ப விளையும், கிழிந்து மண்ணில் விழுந்தால் மக்கும். பாலியஸ்டரோ துவைக்கும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்பிசிறுகளை உதிர்க்கிறது. அவை வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேர்கின்றன, மக்குவதில்லை.

சாயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாசனத்துக்கென்று நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் திருப்பூரின் சாயக்கழிவு தேங்கி, அந்தத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டாம் என்று விவசாயிகளே போராடும் நிலை வந்தது. கழிவை வெளியேவிடும் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். அதனால் சாயமே போடாத கோரா விரிப்புகளை இனி அதிகம் நெய்கிறோம். நிறம் வேண்டும் என்பவர்களுக்கு, கழிவுநீரைச் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் பட்டறையில் மட்டும் சாயம் போட்டுத் தருகிறோம். கோரா விலையும் குறைவு, வாங்கிப் பாருங்கள்.

பாலித்தீன் கவர் இனி கிடையாது. தறியில் மிஞ்சும் துணியால் கட்டி அனுப்புவோம். பார்சல்களைத் தினமும் அனுப்பாமல் செவ்வாய், வெள்ளி என்று சேர்த்து லாரியில் போடப்போகிறோம், ஆகவே கைக்கு வர இரண்டு மூன்று நாள் கூடுதலாகலாம். எங்களிடம் வாங்கிய விரிப்பில் ஓரம் பிரிந்தால் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் தைத்துத் தருகிறோம். ஒரு விரிப்பு இன்னும் இரண்டு வருஷம் உழைத்தால் எங்களுக்கு விற்பனை குறையும், அப்புறம் அதைப் பார்த்துக்கொள்வோம்.

கையிருப்பில் உள்ள பாலிகாட்டன் விரிப்புகள் தீரும்வரை பழைய விலைக்கே கிடைக்கும். விடுதிகளும் மருத்துவமனைகளும் ஏற்கெனவே கொடுத்த ஆர்டர்கள் பேசியபடி வந்து சேரும்.

அன்புடன்,
கடையின் சார்பில், நெசவாளர்களும் நாங்களும்