கட்சி சாராதவர்களுக்கும் மே மாதத்தில் ஒரு வாக்குச்சீட்டு கொடுங்கள்

பென்சில்வேனியா மாநில ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி நிர்வாகிகளுக்கும், ஹாரிஸ்பர்க்கில் உள்ள சட்டமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

போன வாரம் தபால்பெட்டியைத் திறந்தபோது இரண்டு பிரசார அட்டைகள் இருந்தன. இரண்டும் எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து வந்தவை. ஆனால் சொன்னது ஒன்றுதான்: கட்சி பார்க்காமல் யோசித்து வாக்களிப்பவர்கள் கையில்தான் இந்த மாநிலத்தின் எதிர்காலம் இருக்கிறதாம். படித்ததும் கோபம்தான் வந்தது. நவம்பர் தேர்தலில் தங்கள் வேட்பாளர் யார் என்று இரண்டு கட்சிகளும் முடிவு செய்யும் பிரைமரி தேர்தல் 2026 மே 19ஆம் தேதி. வாக்காளர் பதிவில் அந்தந்தக் கட்சியைக் குறித்தவர்கள் மட்டுமே அதில் வாக்களிக்கலாம் என்பது மாநிலச் சட்டம். அதனால் கட்சி பார்க்காத நான் எந்த வேட்பாளருக்கும் வாக்களிக்க முடியாது. என்னைப் போல எந்தக் கட்சியிலும் பதிந்துகொள்ளாமலோ, சிறு கட்சிகளில் பதிந்துகொண்டோ இருப்பவர்கள் இந்த மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். இந்தச் சட்டத்தை எழுதியதும் காத்துவருவதும் நீங்கள்தான் என்பதால் அதன் விவரங்களை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எந்தக் கட்சியிலும் பதிந்துகொள்ளாத வாக்காளர், பிரைமரி அன்று உங்கள் இரண்டு கட்சிகளில் ஏதாவது ஒன்றின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கி வாக்களிக்க வழி செய்யுங்கள். இரண்டு சீட்டையும் கேட்கவில்லை. ஒரு கட்சிக்காரர் மற்றக் கட்சியின் தேர்தலில் புகுந்து குழப்ப வேண்டும் என்றும் கேட்கவில்லை.

ஆளுநர், செனட்டர் போன்ற பெரிய பதவிகளை இப்போதைக்கு விடுங்கள். பள்ளிக்குழுவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

எங்கள் மாநிலத்தில் பள்ளிக்குழுவில் ஒன்பது பேர். நான்கு ஆண்டுப் பதவி, சம்பளம் கிடையாது. ஆனால் வீட்டுக்கு எவ்வளவு பள்ளி வரி, எந்தப் பள்ளியை மூடுவது, பள்ளிகளை நிர்வகிக்கும் கண்காணிப்பாளராக யாரை நியமிப்பது என்பதெல்லாம் அவர்கள் கையில். இந்தப் பதவிக்குக் கட்சி நிறம் பூசக்கூடாது என்று உங்களுக்கே தோன்றியதால்தான் ஒரு சலுகை வைத்திருக்கிறீர்கள்: பள்ளிக்குழு வேட்பாளர் ஒரே நேரத்தில் இரண்டு கட்சிகளின் பிரைமரியிலும் நிற்கலாம். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் போன்றது) நீதிமன்ற நீதிபதி பதவிக்கும் அதே சலுகை உண்டு. அந்தப் பதவியின் காலம் பத்து ஆண்டு.

நல்ல எண்ணத்தில் வைத்த சலுகைதான், மறுக்கவில்லை. ஆனால் நடப்பது என்ன? நான்கு இடத்துக்குப் போட்டி என்றால் அதே நான்கு பேர் இரண்டு பக்கமும் ஜெயித்துவிட முடியும். அப்புறம் நவம்பர் சீட்டில் நான்கு இடம், நான்கு பெயர். தேர்தல் மே மாதத்திலேயே முடிந்துவிட்டது. நவம்பரில் நான் போடுகிற வாக்கு முடிந்துபோன விஷயத்துக்கு ஒப்புதல் கையெழுத்து.

சென்ற ஆண்டு மே 20ஆம் தேதி வாக்குச்சாவடிக்குப் போனேன். விதி தெரிந்தேதான் போனேன். ஒரே ஆள் இரண்டு கட்சிப் பட்டியலிலும் நிற்கலாம் என்கிற பதவிக்காவது எனக்கு ஒரு சீட்டு தரக்கூடாதா என்று நேரில் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தது. சாவடியிலிருந்து பத்தடி தள்ளித்தான் பிரசாரம் செய்யலாம் என்பது சட்டம். அந்தப் பத்தடிக்கு அப்பால் இரண்டு கட்சித் தொண்டர்களும் நின்று ஆளுக்கொரு மாதிரி வாக்குச்சீட்டைக் கையில் கொடுத்தார்கள். பள்ளிக்குழுப் பகுதியைப் பார்த்தால் இரண்டிலும் சில பெயர்கள் ஒன்றே.

உள்ளே மேசையில் இருந்த வயதான அம்மா பதிவேட்டில் விரலை ஓட்டி என் பெயரைக் கண்டுபிடித்தார். முகவரி சரியா என்று கேட்டார். சரி என்றேன். பெயருக்குப் பக்கத்தில் இருந்ததைப் படித்ததும் அவர் விரல் நின்றது. "உங்களுக்குத் தர என்னிடம் இன்று சீட்டு இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள், நான் ஏதோ தப்பு செய்து மாட்டிக்கொண்டதுபோல. அந்த அம்மாவிடம் எனக்குத் துளி வருத்தமும் இல்லை. விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருந்தவர், சட்டம் சொன்னதைச் செய்தார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர் இல்லை.

வெளியே வரும்போது அந்த இரண்டு மாதிரிச் சீட்டும் கையிலேயே இருந்தன. அதில் இருந்தவர்களில் ஒருவருக்கு வாக்களிக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். பள்ளிக்குழுக் கூட்டங்களில் பெற்றோர்கள் பேசும்போது குறிப்பெடுத்துக்கொள்கிற மனிதர் அவர். அவர் இரண்டு கட்சிகளின் வாசலிலும் நிற்கலாம். அவருக்கு வாக்களிக்க நினைக்கிற நான் ஒரு வாசலிலும் நிற்கக்கூடாது. இதற்கு என்ன நியாயம் சொல்வீர்கள் என்று உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இன்னொன்றும் மனதை உறுத்துகிறது. 2021 மே 18ஆம் தேதி, அதே சாவடியில் பிரைமரி அன்றே நான் வாக்களித்திருக்கிறேன். மாநில அரசியல் சட்டத்துக்கு மூன்று திருத்தங்கள் மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தன. அவசரநிலை அறிவிப்பில் ஆளுநரின் அதிகாரத்தைக் குறைப்பது அதில் ஒன்று. அரசியல் சட்டத்தையே மாற்றலாமா என்று என்னிடம் கருத்துக் கேட்டீர்கள். நானும் படித்துப் பார்த்துச் சொன்னேன். அதே நாளில், அதே மேசையில், பள்ளிக்குழுவுக்கு யார் வரலாம் என்று மட்டும் என்னைக் கேட்கவில்லை.

"இரண்டு நிமிட வேலை, ஏதாவது ஒரு கட்சியில் பதிந்துகொள்ளுங்களேன்" என்று உங்கள் தொண்டர்கள் சொல்கிறார்கள். உண்மைதான், தேர்தலுக்குப் பதினைந்து நாள் முன்புவரை இணையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். என் பக்கத்து வீட்டுக்காரர் அப்படித்தான் செய்திருக்கிறார். அவருக்குப் பிடித்த கட்சி ஒன்று, பதிந்திருக்கிற கட்சி வேறு. எங்கள் ஊரில் எப்போதும் ஜெயிக்கிற கட்சியில் பதிந்தால்தான் வாக்குக்கு மதிப்பு என்று கணக்குப் போட்டுப் பதிந்துகொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கொஞ்சம் யோசியுங்கள். உங்கள் உறுப்பினர் பட்டியலில் அவர் விசுவாசி. அவர் மனதில் அப்படி எதுவும் இல்லை. வாசலை அடைத்து வைத்து உள்ளே சேர்த்த கூட்டத்தைக் கட்சிப் பற்று என்று எண்ணிக்கொள்கிறீர்கள். உண்மையாகவே உங்கள் கட்சிக்காக மழையிலும் வெயிலிலும் வீடுவீடாக நடக்கிறவர்களுக்கும் இது அவமரியாதைதான்.

எனக்கு அந்தப் பொய்ப் பதிவு ஒத்துவரவில்லை. ஒரே தேர்தலில் மேல் பதவிக்கு ஒரு கட்சி, கவுண்டிப் பதவிக்கு இன்னொரு கட்சி என்று வாக்களிப்பது என் வழக்கம். ஒரே பொத்தானில் ஒரு கட்சிக்கு மொத்தமாக வாக்களிக்கிற வசதியை 2019ல் நீங்களே சட்டம் போட்டு நீக்கினீர்கள். ஆளைப் பார்த்து ஒவ்வொரு பதவிக்கும் தனித்தனியாக முடிவெடுக்கட்டும் என்பதுதானே அதன் பொருள்? அதைத்தான் செய்கிறேன். அதுவும் போக, நான் எந்தக் கட்சி என்று பதிந்தாலும் அது பொது ஆவணம். மாநிலத்தின் முழு வாக்காளர் பட்டியலையும் 20 டாலர் கட்டி வாங்கலாம், கட்சிப் பெயரோடு. வாடிக்கையாளர், மேலதிகாரி, அண்டை வீட்டார் என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்கிற பட்டியலில் மனதில் இல்லாத ஒரு பெயரை எழுதிவைக்க எத்தனையோ பேர் தயங்குகிறார்கள்.

எங்கள் தமிழ்க் குடும்பங்களில் இதை நிறையப் பார்க்கிறேன். இந்த மடலை ஆங்கிலத்தில் உங்களுக்கு அனுப்பிவிட்டுத் தமிழிலும் எழுதுவது அதனால்தான். குடியுரிமை உறுதிமொழி எடுத்த கையோடு வாக்காளர் படிவம் நிரப்பும்போது கட்சி என்ற இடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது. ஊரில் அப்படி ஒரு கேள்வியே கிடையாது. தமிழ்நாட்டிலும் இரண்டு பெரிய கட்சிகள் பல பத்தாண்டுகளாக மாறி மாறி ஆண்டன. அப்பா ஒரு கட்சி, மாமா ஒரு கட்சி என்று கல்யாண வீட்டிலேயே சண்டை நடக்கும். ஆனால் வாக்காளர் பட்டியலில் கட்சிக்கு என்று ஒரு இடம் இல்லை. கட்சி தன் வேட்பாளரைத் தன் அலுவலகத்தில், தன் செலவில் முடிவு செய்துகொள்ளும். அதில் ஆயிரம் கோளாறு இருக்கலாம், ஆனால் அரசாங்கத் தேர்தலில் அரசாங்க மேசைக்கு முன்னால் நின்று நீ எந்தக் கட்சி என்று யாரும் கேட்டதில்லை. அதனால் "கட்சி இல்லை" என்று குறித்துவிட்டு வருகிறார்கள். மே மாதத்தில்தான் அதன் விலை தெரிகிறது.

கட்சி என்பது தனிச் சங்கம், வேட்பாளர் யார் என்று உறுப்பினர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது உங்கள் வாதம். அதை மதிக்கிறேன். ஆனால் சங்கத்தின் தேர்தலைச் சங்கத்தின் பணத்தில் நடத்த வேண்டும். இங்கே சாவடி, இயந்திரம், ஊழியர் சம்பளம் எல்லாமே வரிப்பணம், அதில் என் வரியும் இருக்கிறது. தவிர, உங்கள் கைகளைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது என்றும் சொல்ல முடியாது. 1986ல் கனெக்டிகட் குடியரசுக் கட்சி தொடுத்த வழக்கில், ஒரு கட்சி தன் பிரைமரிக்குக் கட்சி சாராதவர்களை அழைக்க விரும்பினால் மாநிலம் அதைத் தடுக்க முடியாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அழைக்க மனம் இருந்தால் வழி நாற்பது ஆண்டுகளாகத் திறந்தே இருக்கிறது.

அழைத்த மாநிலங்களில் கட்சிகள் அழிந்தா போய்விட்டன? மாசசூசெட்ஸில் வாக்காளர்களில் பாதிக்கு மேல் கட்சி சாராதவர்கள். பிரைமரி அன்று ஒரு சீட்டைக் கேட்டு வாங்கி வாக்களித்துவிட்டு, கட்சி சாராதவராகவே வீட்டுக்குப் போகிறார்கள். கொலராடோவில் இரண்டு கட்சிச் சீட்டும் தபாலில் வீட்டுக்கே வரும், ஒன்றை மட்டும் நிரப்பி அனுப்ப வேண்டும். நியூ மெக்சிகோ 2025ல் சட்டம் இயற்றிக் கதவைத் திறந்தது. இங்கும் 2019ல் மாநில செனட் இதற்கான மசோதாவைப் பெரும்பான்மையோடு நிறைவேற்றியது. கீழவையில் அது கிடப்பில் போனது. இரண்டு கட்சி செனட்டர்களும் ஆதரித்த ஒன்று ஏன் கிடப்பில் போனது என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பள்ளிக்குழுவோடு நிறுத்திக்கொள்ள நினைத்தேன், முடியவில்லை. பிலடெல்ஃபியா நகரில் 1952க்குப் பிறகு குடியரசுக் கட்சி மேயர் வந்ததில்லை. 2023ல் ஜனநாயகக் கட்சி பிரைமரியில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு வாங்கியவர் வென்றார், மேயர் யார் என்று அன்றே ஊருக்குத் தெரிந்துவிட்டது. குடியரசுக் கட்சி கோலோச்சும் நடு மாநிலக் கவுண்டிகளில் இதே கதை எதிர்ப்பக்கமாக நடக்கிறது. அப்படிப்பட்ட தொகுதியிலிருந்து வருகிற உறுப்பினர் யாருக்குப் பயப்படுவார்? நவம்பரில் வாக்களிக்கிற எனக்கா, மே மாதத்தில் தன்னைவிடத் தீவிரமான ஆளைத் தன் கட்சிக்குள்ளிருந்தே நிறுத்திவிடக்கூடியவர்களுக்கா? சென்ற ஆண்டு ஜூன் 30க்குள் முடிய வேண்டிய மாநில வரவுசெலவுத் திட்டம் நவம்பர் 12ஆம் தேதிதான் கையெழுத்தானது. நான்கு மாதத்துக்கும் மேல் மாநிலப் பணம் வராமல் பள்ளி மாவட்டங்கள் திண்டாடின. விட்டுக்கொடுத்தால் பிரைமரியில் மாட்டிக்கொள்வோம் என்கிற பயம் இருக்கும்வரை இது மறுபடியும் நடக்கும் என்றே நினைக்கிறேன்.

அதிபர் தேர்தல் வந்தால் மட்டும் நாங்கள் நினைவுக்கு வருகிறோம். இந்த மாநிலத்தில் 2016ல் வாக்கு வித்தியாசம் சுமார் 44,000. 2020ல் சுமார் 80,000. 2024ல் சுமார் 1,20,000. கட்சி சாராதவர்களின் எண்ணிக்கை இதைப்போல எத்தனை மடங்கு! அக்டோபரில் இரவு உணவு நேரத்தில்கூடக் கதவைத் தட்டுகிறீர்கள். குறுஞ்செய்தி நிற்பதே இல்லை. மே மாதத்தில் அதே நாங்கள் வந்து உங்கள் கதவைத் தட்டினால் உறுப்பினர் அட்டை கேட்கிறீர்கள்.

கொஞ்சம் கடுமையாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கட்சியிலும் நான் மதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், இருவருக்கும் வாக்களித்தும் இருக்கிறேன்.

இப்போதைய கூட்டத்தொடர் நவம்பர் 30ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள், கட்சி சாராத வாக்காளர் பிரைமரியில் ஒரு கட்சியின் சீட்டைத் தேர்ந்தெடுத்து வாக்களிக்கலாம் என்கிற மசோதாவை இரண்டு அவைகளிலும் வாக்கெடுப்புக்கு விடுங்கள். தோற்றால் தோற்கட்டும், யார் ஆதரித்தார், யார் எதிர்த்தார் என்பது பதிவாகட்டும். அடுத்த பள்ளிக்குழு பிரைமரி 2027 மே மாதம் வருகிறது. சட்டம் தாமதமாகும் என்றால், கட்சி நிர்வாகிகளாகிய நீங்கள் உங்கள் மாநிலக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டு, அந்தத் தேர்தலுக்காவது எங்களை அழைக்கும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
எந்தக் கட்சியிலும் பதிந்துகொள்ளாத ஒரு வாக்காளர்,
பிலடெல்ஃபியா புறநகர், பென்சில்வேனியா