2024 ஆண்டறிக்கை: காசிமேடு, நம் தெருச் சங்கம்

தலைவருக்கும் வந்திருக்கும் அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகள் எல்லாருக்கும் செயலாளரின் வணக்கம்.

அக்டோபர் மழையில் மோட்டார் வைத்துத் தண்ணீர் இறைத்தது, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தது எல்லாம் கூடவே நின்ற உங்களுக்குத் தெரியும். ஏப்ரலில் நம் கூடத்தில் நடந்ததை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

ஏப்ரல் 14 ஞாயிறு, புத்தாண்டு. அன்று நள்ளிரவோடு 61 நாள் மீன்பிடித் தடை ஆரம்பம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கரைக்கு வந்துவிட்டன, ஆண்களும் வீட்டில் இருந்தார்கள். நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஐந்தே நாள். கூடத்தில் டிவி வைத்துக் கட்சிக்காரர்கள் விவாதத்தைச் சேர்ந்து பார்த்தோம், உட்கார இடமில்லை.

விவாதம் முக்கால்வாசி யார் யாரோடு கூட்டு, யார் ஊழல் என்பதிலேயே போனது. சாப்பாட்டுக் கதைக்கு வந்தபோது ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். சிலிண்டர் 500 ரூபாய் என்று தி.மு.க., பெண்களுக்கு மாதம் 3,000 என்று அ.தி.மு.க., ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு வருடம் ஒரு லட்சம் என்று காங்கிரஸ், சிறுதொழிலுக்கு பேங்கில் கிடைக்கும் முத்ரா கடனை 20 லட்சமாக்குவோம் என்று அன்றுதான் அறிக்கை விட்ட பா.ஜ.க.

முத்ரா என்றதும் மீன் விற்கும் ஒரு அக்கா எழுந்தார். "எனக்கு 20 லட்சம் எதுக்குப்பா? தண்டல்காரர்கிட்ட பத்தாயிரம்னு எழுதி 8,500 கையில வாங்கி, தினம் நூறு நூறா நூறு நாள் கட்டுறேன். பேங்குல அந்தப் பத்தாயிரத்த யார் குடுப்பா, அதச் சொல்லச் சொல்லு" என்றார். அதற்குப் பிறகு டிவியை யாரும் பார்க்கவில்லை.

படகில் போகும் தம்பி ஒருவர் கணக்குப் போட்டார். தடைக்கால நிவாரணம் 5,000-லிருந்து 8,000 ஆனது நல்லதுதான், ஆனால் 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு நாளைக்கு 131 ரூபாய். ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வாங்கும் பெண்கள், அதைக் குறைவாகப் பேசாதே என்று சண்டைக்கே வந்தார்கள், அவர்கள் சொன்னதும் சரி, அந்தப் பணத்தில்தான் மாத்திரை வாங்குகிறார்கள். ஐடிஐ படித்த பையன்கள் கேட்டது வேறு. மணலி, எண்ணூர் ஆலைப் புகை நமக்கு, வேலை என்று போனால் காண்டிராக்ட், அதுவும் ஆறு மாதம், இதை யார் மாற்றுவார்கள் என்றார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்து தொழில் போனவர்களில் நம் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள், அதைப் பற்றி விவாதத்தில் ஒரு வார்த்தை வரவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

மறுநாளே தண்டல் இல்லாத சின்னக் கடன், தடைக்காலத்தில் மாற்று வேலை, ஆலைகளில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நிரந்தர வேலை என்று மூன்றையும் அட்டையில் எழுதித் தெருமுனையில் கட்டினோம். 17-ந்தேதி பிரச்சாரம் முடிவதற்குள் நான்கு தரப்பு வந்தது. இரண்டு தரப்பினர் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள், ஒரு தரப்பு துண்டறிக்கையைக் கையில் திணித்தது. ஒரு வேட்பாளர் மட்டும் ஜீப்பிலிருந்து இறங்கிப் பத்து நிமிடம் நின்று பதில் சொன்னார். கடன் விஷயத்தில் சங்கமாகச் சேர்ந்து எழுதிக் கொடுங்கள் என்றார், வேலை விஷயத்தில் உறுதி தர முடியாது என்று நேராகவே சொன்னார். அப்படிச் சொன்னதற்காகவே அவரை எனக்குப் பிடித்தது. யார் என்று இங்கே எழுதவில்லை, சங்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறோம்.

வடசென்னையில் 60 சதவீதம் சொச்சம் ஓட்டு விழுந்தது. சென்னையின் மூன்று தொகுதிகளில் இதுதான் அதிகம், ஆனாலும் தமிழ்நாடு மொத்தத்துக்கும் கிட்டத்தட்ட 70. பட்டியலில் பெயர் இல்லாமல் திரும்பி வந்தவர்கள் நம் தெருவிலேயே இருந்தார்கள். இரண்டு பாட்டிமார் வெயிலில் நடந்து போய்த் திரும்பியதை நான் பார்த்தேன்.

2026-ல் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. அதற்குக் கடைசி வாரம் வரை காத்திருக்க வேண்டாம். பதினெட்டு வயதான பிள்ளைகளும் பெயர் விடுபட்டவர்களும் படிவம் 6 எழுத ஞாயிறு காலை கூடத்துக்கு வாருங்கள், நானும் இணைச் செயலாளரும் இருப்போம். கடன் மனுவுக்குக் கையெழுத்து இன்னும் பாதித் தெருவில்தான் வாங்கியிருக்கிறோம், வாசல் தட்டும்போது கதவைத் திறங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நன்றி.